நாலாவது ரவுண்டுக்கு முன்னால்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கோயிலில் ஆராதனை முடிந்து வந்து சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தேன். இவர் அடுக்களை வாசலில் வந்து நின்று கதவு நிலையை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்லத் தயக்கமாக இருந்தால் இப்படித்தான் தட்டுவார்.

"செப்டம்பர் பதிமூணு, மெட்ராஸ்ல. நாலு ரவுண்டு. மாஸ்டர் ஒத்துக்கிட்டாரு."

"மாஸ்டர் ஒத்துக்கிட்டாரு, சரி. நீங்க?"

"அவரு ஒத்துக்கிட்டா நான் ஒத்துக்கிட்ட மாதிரிதான."

ஆக, என் வீட்டுக்காரர் முப்பத்தொரு வயதில் தொழில்முறைக் குத்துச்சண்டைக்காரர் ஆகப்போகிறார். இரண்டு தடவை தேசிய சாம்பியன், ஆறு தடவை மாநில சாம்பியன், அந்தச் சான்றிதழ்களைக் காட்டி வாங்கிய வேலை, இதெல்லாம் போதவில்லை போலிருக்கிறது. போன வருடம் இந்திய முகாமுக்கு இவரை விட்டுவிட்டு இருபது வயதுக்காரன் ஒருவனை எடுத்தார்கள். நான் வெளியே வருத்தப்பட்டுவிட்டு உள்ளே போய் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். கையுறை இனி பரணுக்குப் போய்விடும் என்று நினைத்தேன். கல்யாணமாகி ஏழு வருடத்தில் இவர் ஆடிய ஒரு போட்டிக்கும் நான் போனதில்லை. அடிபட்டு வருகிறவர்களைப் பார்க்க ஆஸ்பத்திரியில் எனக்கு மாதச் சம்பளம் தருகிறார்கள். இதை வேறு சும்மா போய்ப் பார்க்க வேண்டுமா.

நான் சண்டையை ஆரம்பிக்கும் முன்பே அவரே சொன்னார்: "தோத்துட்டா அன்னைக்கோட விட்டுருதேன். ஜெயிச்சா நீ இதப் பத்தி வாயத் தொறக்கக் கூடாது."

வேதாகமத்தின் மேல் கையை வைத்துச் சொல்லுங்கள் என்றேன். "சத்தியமே பண்ணக் கூடாதுன்னு அதுலயே போட்டிருக்கு" என்றார். வசனமெல்லாம் சமயத்துக்குத்தான் ஞாபகம் வரும். சரி என்று விட்டுவிட்டேன். ஒரே ஒரு தோல்வி போதும். புருசன் தோற்க வேண்டும் என்று ஜெபம் பண்ணலாமா என்று போதகரிடம் கேட்கத்தான் முடியாது.

ஆகஸ்ட் 6, புதன்

தெரு முக்கில் பிளெக்ஸ் கட்டிவிட்டார்கள். 'முத்துநகரின் இடிமுழக்கம் கிளாட்வின்.' முகம் இவருடையது, புஜம் வேறு யாருடையதோ. இவர் இரண்டு நாளாக அந்த வழியை விட்டுவிட்டு உப்பு கோடவுன் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறார். தன்னடக்கம்.

ஆகஸ்ட் 9, சனி

மாஸ்டர் மத்தியானம் வந்தார். பெருமாள்சாமி மாஸ்டர் இவருக்குப் பதினாறு வயதிலிருந்து சொல்லிக்கொடுப்பவர். இடது காது அடி வாங்கி வாங்கி மொச்சைக்கொட்டை மாதிரி ஆகிவிட்டது. இவர் என்ன தின்ன வேண்டும், எப்போது தூங்க வேண்டும் என்று எனக்கு உத்தரவு போடுவார். எனக்கு மாமியார் இல்லாத குறை இவரால் தீர்ந்தது.

அமெச்சூருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். மூன்று ரவுண்டுக்குப் பதில் நாலு. கையுறை மெலிசு. மேலே பனியன் கிடையாது. "அப்ப தொப்பைய எங்க ஒளிச்சு வைக்கப்போறீங்க?" என்று இவரைக் கேட்டேன். சிரிக்கவில்லை.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்கள். அமெச்சூரில் புருவம் கிழிந்தால் பெரும்பாலும் அத்தோடு நிறுத்திவிடுவார்களாம். இங்கே ரவுண்டுக்கு நடுவில் கிடைக்கிற ஒரு நிமிடத்துக்குள் ரத்தத்தை நிறுத்தி மறுபடியும் உள்ளே அனுப்ப, மூலையில் ஓர் ஆள் நிற்க வேண்டும். அதற்குப் பேசி வைத்திருந்த சென்னைக்காரர் அன்றைக்கு வேறு ஒருவருக்கு நிற்கப் போகிறாராம். மாஸ்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இவர்தான் சொன்னார்.

"பெர்சி வரட்டுமே. கேஷுவாலிட்டில நர்ஸா பதினோரு வருசம் கெடக்கா. இவளுக்குத் தெரியாத கிழிசலா?"

மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொம்பள மூலையில நிக்கதா?"

"ரத்தத்துக்கு ஆம்பள பொம்பள தெரியாது மாஸ்டர்" என்றேன்.

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், இப்படி வந்துவிட்டது. ஆனால் யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. ரத்தம் நின்றதா நிற்கவில்லையா என்று சொல்லப்போகிறவள் நான். நிற்கவில்லை என்றால் தோல்விதான். இவருக்கு அது தோன்றவே இல்லை. வெள்ளை மனசு, பாவம்.

ஆகஸ்ட் 13, புதன்

மொட்டைமாடியில் ஒத்திகை. பிளாஸ்டிக் ஸ்டூல், வாளி, துண்டு, மாஸ்டரின் போனில் மணி. இவர் ஓடி வந்து ஸ்டூலில் உட்கார வேண்டும், நான் காயத்தைப் பார்க்க வேண்டும், மாஸ்டர் அதே நேரத்தில் புத்தி சொல்ல வேண்டும். மாஸ்டர் நேர் முன்னால் போய் நின்றுகொண்டார். நான் இவருடைய கக்கத்துக்குக் கீழே குனிந்து நிற்க வேண்டியதாயிற்று. மூன்று தடவை பொறுத்தேன். "மருந்து போடுதவளுக்கு முகம் வேணும். புத்தி சொல்லுதவங்களுக்குக் காது போதும். பக்கத்துல நில்லுங்க மாஸ்டர்" என்றேன். முனகிக்கொண்டே நகர்ந்தார்.

ரத்தத்துக்குத் தக்காளி சாஸ். மகள் ரூத் வந்து அப்பா புருவத்தைத் தொட்டு நக்கிவிட்டு இனிப்பாக இருக்கிறது என்றாள். வீக்கத்துக்கு வைத்து அழுத்த இரும்பு ஒன்று விற்கிறார்களாம். நான் எவர்சில்வர் டம்ளரில் ஐஸைப் போட்டு அதன் அடிப்பாகத்தை வைத்துப் பார்த்தேன். நன்றாகவே வேலை செய்கிறது.

கடைசி இரண்டு தடவையும் நிமிடம் முடியும் முன்பே முடித்துவிட்டேன். வேலை என்று வந்தால் கை தன்னால் ஓடுகிறது. ஒழுங்காகச் செய்தால்தானே மாஸ்டருக்கு நம்பிக்கை வரும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அசன பண்டிகை, சபைக்கே விருந்து. கோயில் பின்னால் அண்டா அண்டாவாக ஆட்டுக்கறி. இவர் வழக்கம்போல வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழம்பு வாளியைத் தூக்கினார். பந்தி பந்தியாகப் பரிமாறினார், ஒரு வாய் சோறு தொடவில்லை. எடை 67 கிலோ. 63.5க்கு வர வேண்டும். "சாம்பியன் கையால இன்னொரு கரண்டி" என்று பெண்கள் இலையைக் காட்டினார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கை கழுவப் போனபோது பார்த்தேன், விறகுக் குவியல் பக்கத்தில் நின்றுகொண்டு நல்லி எலும்பு ஒன்றை உறிஞ்சிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டும் மறைக்கவில்லை.

"எட கூடிட்டுன்னா போட்டிய ரத்து பண்ணிருவாங்களோ?"

"பயப்படாதீங்க. நாளைக்குக் கூட ரெண்டு கிலோமீட்டர் ஓடுனா எறங்கிரும்" என்று நானே தைரியம் சொன்னேன்.

எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. கூடினால் எனக்கு நல்லதுதானே.

ஆகஸ்ட் 23, சனி

முதல் தடவையாகப் பயிற்சிக் கூடத்துக்குப் போனேன். வியர்வை நாற்றம் எங்கள் ஆண்கள் வார்டைவிடப் பரவாயில்லை.

இவரிடம் ஒரு பழக்கம் இருப்பது இன்றுதான் தெரிந்தது. நல்ல குத்து ஒன்று விழுந்து எதிரே இருப்பவர் தள்ளாடினால், இவர் இரண்டு எட்டு பின்னால் வந்து கையைத் தாழ்த்திவிட்டு நிற்கிறார். அமெச்சூரில் அந்த நேரம் நடுவர் குறுக்கே புகுந்து, தள்ளாடுகிறவரை நிற்க வைத்து எட்டு வரை எண்ணுவாராம். பதினைந்து வருடம் அப்படி நின்று நின்று உடம்பில் ஊறிவிட்டது. தொழில்முறையில் ஆள் தரையில் விழுந்தால்தான் எண்ணிக்கை. தள்ளாடுகிறவரை விடாமல் அடிக்க வேண்டும்.

"ஏல, அங்க ஒனக்கு யாரு எண்ணப்போறா? ஒங்க தாத்தனா?" என்று மாஸ்டர் கத்தினார்.

"மறந்துட்டேன் மாஸ்டர்."

மறுபடியும் மறந்தார். மாஸ்டர் விளக்குமாற்றுக் கட்டையை எடுத்துக்கொண்டு பின்னால் போய் நின்றார். இவர் பின்னால் வரும்போதெல்லாம் முதுகில் ஒரு குத்து. தேசிய சாம்பியனை விளக்குமாற்றால் குத்துவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பி வரும் வழியில் பைக்கில் கேட்டேன், ஏன் அப்படி நிற்கிறீர்கள் என்று.

"தள்ளாடுதவனப் போட்டு அடிக்க ஒரு மாதிரியா இருக்கு."

"அப்ப அடிக்காதீங்க."

"அடிக்கலைன்னா அவன் அடிப்பான்."

பால் பாக்கெட் வாங்க வேண்டும் என்று ஞாபகப்படுத்தினேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

எடை 65.2. முருங்கைக்கீரை சூப்பைக் கண்டால் எனக்கே குமட்டுகிறது.

செப்டம்பர் 4, வியாழன்

எங்கள் சர்ஜன் கற்பகவல்லி டாக்டரிடம் அரை மணி நேரம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். புருவத்துக்கு மேலே என்றால் பயமில்லை, இமையில் என்றால் கை வைக்காதே, கண்ணின் உள் மூலை என்றால் நீயே நிறுத்தச் சொல்லிவிடு. பஞ்சுக் குச்சியில் அட்ரினலின் தொட்டு காயத்துக்குள் வைத்து அழுத்த வேண்டும். அழுத்திவிட்டு ஆடாமல் இருக்க வேண்டும். பொறுமை இல்லாமல் எடுத்து எடுத்துப் பார்த்தால் நிற்காது.

எழுந்து வரும்போது டாக்டர் சொன்னார்: "நிக்கலைன்னா நிக்கலைன்னு சொல்லிடு பெர்சிஸ். ஒரு நிமிஷத்துல நிக்காத ரத்தம் எத்தனையோ இருக்கு. உன்னை யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க."

தெரியும் டாக்டர் என்றேன்.

ரூத்தின் யூனிபாரத்தைத் துவைத்தேன். காலரில் அழுக்கு போகவே இல்லை. யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க.

செப்டம்பர் 12, வெள்ளி. சென்னை

ரூத்தை என் அம்மாவிடம் விட்டுவிட்டு ராத்திரி ரயிலில் கிளம்பி வந்தோம். எடை சரியாக 63.4. தராசிலிருந்து இறங்கியதும் கஞ்சி, பிறகு இளநீர், பிறகு இரண்டு இட்லி. உதட்டில் ரத்தம் திரும்பி வந்தது.

எதிராளி விசாகப்பட்டினத்துக்காரர். பெயர் அப்பலராஜு. எட்டு வருடமாக இதே தொழில். பதினெட்டுப் போட்டியில் பன்னிரண்டு தோல்வி. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் எதிராளியாக அவரைத்தான் கூப்பிடுவார்களாம், பத்திரமான ஆள் என்று. இரண்டு புருவமும் தழும்பு மேல் தழும்பு. தைத்த லட்சணத்தைப் பார்த்தால் கோணி தைக்கிறவர் தைத்தது மாதிரி இருக்கிறது.

நல்ல மனிதர். என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, உடைந்த தமிழில், "அக்கா, பிள்ளைங்க எத்தினி பேரு?" என்று கேட்டார். ஒரே பெண், பெயர் ரூத் என்றேன். அவருக்கு இரண்டு பையன்களாம். பிறகு போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். எடுத்து முடித்து வந்து, அதே சிரிப்போடு, "அக்கா, பிள்ளைங்க எத்தினி பேரு?" என்றார்.

ஒரே பெண், பெயர் ரூத் என்றேன்.

எங்கள் வார்டில் தலையில் அடிபட்டு வருகிறவர்களிடம் இதைப் பார்த்திருக்கிறேன். இவரிடம் சொல்லவில்லை. நாளைக்கு ஆடப்போகிறவரிடம் போய் எதற்கு.

செப்டம்பர் 14, ஞாயிறு. சென்னை, லாட்ஜ்

இவர் தூங்குகிறார். நேற்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மண்டபம் குளுகுளுவென்று இருந்தது. கல்யாண மண்டபம் மாதிரி மேசை போட்டு ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கிறார்கள். பனியன் இல்லாமல் வெளிச்சத்தில் போய் நின்றதும் இவர் இரண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்கே வைத்துக்கொண்டார். குளிர் என்று நினைத்தேன்.

முதல் இரண்டு ரவுண்டை நான் பாதிதான் பார்த்தேன். வாளி, பஞ்சு, டம்ளர் என்று குனிந்தே இருந்தேன். இரண்டும் நம்முடையது என்று மாஸ்டர் சொன்னார்.

மூன்றாவதில் இவருடைய இடது கை அப்பலராஜுவின் தாடையில் விழுந்தது. அவருக்கு முழங்கால் மடங்கிவிட்டது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னும் ஒன்று போட்டால் முடிந்திருக்கும். இவர் இரண்டு எட்டு பின்னால் வந்தார். கையைத் தாழ்த்தினார். நடுவரைப் பார்த்தார். நடுவர் இவரைப் பார்த்தார், எதற்கு என்னைப் பார்க்கிறாய் என்கிற மாதிரி. "போலே, உள்ள போலே" என்று மாஸ்டர் தொண்டை கிழியக் கத்தினார். அப்பலராஜு எட்டு வருடமாக இதே தொழிலில் இருப்பவர். வந்தார். வலது கையை இவருடைய இடது புருவத்தில் இறக்கினார். அதன் பிறகு மணி அடிக்கும் வரை இவர் ஒற்றைக் கண்ணோடு அடி வாங்கிக்கொண்டிருந்தார்.

வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். புருவத்துக்கு மேலே, ஓர் அங்குலம், ஆழம். ரத்தம் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மேடை டாக்டர் ஏறி வந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "நின்னா விடறேன். வழிஞ்சுட்டே இருந்தா நிறுத்திடுவேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு இறங்கினார். நிறுத்தினால் தோல்வி. தோல்வி என்றால் அன்றோடு விடுவதாக இவரே சொன்ன பேச்சு.

மாஸ்டர் பக்கத்தில் நின்று ஏதோ கத்திக்கொண்டிருந்தார். இவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு முகத்தை நிமிர்த்திக் கண்ணை மூடிக்கொண்டார், ஊசி போட வருகிறவர்கள் கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்களே, அந்த மாதிரி. துடைத்தேன். மருந்துக் குச்சியை வைத்து அழுத்தினேன். நேரம் பிடித்தது. நின்றது. வாசலின் பூசினேன். திறந்த காயத்தை அப்படியே விட்டுவிட்டுப் போக எனக்குக் கை வராது. பதினோரு வருடப் பழக்கம்.

நாலாவது ரவுண்டில் எனக்கு வேலை இல்லை. நிமிர்ந்து பார்த்தேன்.

இவரை எனக்கு ஏழு வருடமாகத் தெரியும், இப்படித் தெரியாது. வீட்டில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் பாதியைச் சிந்திவிட்டு வருகிற மனிதர். அங்கே ஓர் அசைவு வீணில்லை. அப்பலராஜுவின் குத்தெல்லாம் இவர் காதை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸில் இறங்குகிறவர்களுக்குத் தோளைச் சாய்த்து வழி விடுவது மாதிரி இவர் வழி விட்டுக்கொண்டிருந்தார். வழி விட்டுவிட்டு ஒன்று வைப்பார். என் ஒட்டு நின்றது. ஒரு சொட்டு வரவில்லை. அழகாக இருந்தார். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தார். நான் எழுந்து நின்று "வைங்க, இன்னொண்ணு வைங்க" என்று கத்தியதாக மாஸ்டர் சொல்கிறார். எனக்கு ஞாபகம் இல்லை.

புள்ளி போடுகிற மூன்று பேரில் இரண்டு பேர் இவருக்கு, ஒருவர் அப்பலராஜுவுக்கு. ஜெயித்துவிட்டார். நடுவர் கையைத் தூக்கிவிட்டபோது இவர் என்னையே பார்த்தார். சிரிக்கவில்லை. வலி.

டாக்டர் ஐந்து தையல் போட்டார். நல்ல தையல். அப்பலராஜு வந்து கட்டிப்பிடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அக்கா, பிள்ளைங்க எத்தினி பேரு?"

செப்டம்பர் 16, செவ்வாய்

ஊர் முழுக்க மாலை. ரயிலடியில் கொட்டு வைத்து அழைத்து வந்தார்கள். மாஸ்டர் மைக்கைப் பிடித்து, "டிசம்பர்ல ஆறு ரவுண்டு, நம்ம ஊர்லயே மேடை போடுதோம்" என்று அறிவித்துவிட்டார். கை தட்டினார்கள். இவர் பிளாஸ்திரி போட்ட புருவத்தோடு நின்று கும்பிட்டார்.

பேச்சு பேச்சுதான். நான் வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் டீ இடைவேளையில் யாரோ அனுப்பிய போட்டி வீடியோவைப் பார்த்தேன். மூன்றாவதை ஓட்டிவிட்டு நாலாவதை மட்டும். மூன்று தடவை.

செப்டம்பர் 19, வெள்ளி

தையல் பிரிக்கிற நாள். இவரை ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார வைத்தேன். ரூத் பள்ளிக்கூடம் போயிருந்தாள். முதல் முடிச்சை வெட்டி எடுத்தேன்.

"பெர்சி, அன்னைக்கு ஒன் கை நின்னுச்சு."

"மருந்து ஊறணும்லா."

"ஊறுனது அப்பறம். அதுக்கு முன்னாலயே நின்னுச்சு. குச்சிய எடுத்துக்கிட்டு சும்மா நின்ன."

பேசாதீங்க, புருவம் அசையுது என்றேன். இரண்டாவதை எடுத்தேன். நின்றதுதான். குச்சி கையில் இருந்தது, காயம் எதிரே இருந்தது. யாரும் குத்தம் சொல்ல மாட்டார்கள். நான் அதை இந்த டைரியில்கூட எழுதவில்லை, இவர் கண்ணை மூடிக்கொண்டு அதைப் பார்த்திருக்கிறார்.

"ஆமா நின்னுச்சு. விட்டுரலாம்னு நெனச்சேன். நெனச்சது தப்புதான். ஆனா விடலைலா? போட்டேன்லா?"

"தப்புன்னு சொல்லல." ஜன்னல் பக்கம் பார்த்தார். "நின்ன கை அப்பிடியே நின்னுறாதான்னு இருந்துச்சு எனக்கு."

நான் கத்தரியைத் தட்டில் வைத்துவிட்டேன்.

"பயந்துட்டேன் பெர்சி. மெலிசு கையுறைல வாங்குன மொத அடியிலேயே தெரிஞ்சுட்டு. அதுக்கும் முன்னாலயே தெரியும். எட பாத்த அன்னைக்கு அந்தாளு என்ட்ட வந்து பிள்ளைங்க எத்தனன்னு மூணு தடவ கேட்டாரு. பின்னால வந்து நின்னத பழக்கம்னு மாஸ்டர் சொல்லுதாரு. பாதிதான் பழக்கம்."

"அப்ப மொதல்லயே வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்லா?"

"யாருட்ட? பிளெக்ஸ் கட்டுனவன்ட்டயா? மாஸ்டர் பதினஞ்சு வருசமா எனக்காகக் கெடக்காரு. தோத்தா விடலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அதான் ஒன்ட்ட அப்படிப் பேசுனேன். அதான் ஒன்ன வரச்சொன்னேன். நீ எப்பிடியும் நிறுத்திருவன்னு நெனச்சேன். இப்ப ஜெயிச்சுட்டேன். ஜெயிச்சவன் எப்பிடி விடுவான், சொல்லு."

வெள்ளை மனசு என்று எழுதினேனே, அது யாருக்கு என்று இப்போது தெரிகிறது. ஆறு வாரமாக நான் இவரை ஏமாற்றப் பார்த்தேன், இவர் நான் ஏமாற்ற வேண்டும் என்று காத்திருந்தார். கடைசியில் இரண்டு பேரையும் என் கை கெடுத்துவிட்டது. அவ்வளவு நேர்த்தியாக அடைத்திருக்கிறேன். மேடை டாக்டரே வந்து பாராட்டினார்.

கோபம் வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டு மிச்சம் மூன்று முடிச்சையும் எடுத்தேன். இவர் முகத்தை நிமிர்த்திக் கண்ணை மூடியபடியே இருந்தார். தையல் பிரிக்கும்போது அப்படி மூட வேண்டியதே இல்லை.

"நான் சொல்லுதேன் மாஸ்டர்ட்ட" என்றேன். "பொண்டாட்டி விட மாட்டேங்கா, வீட்டுக்குள்ள சேக்க மாட்டேங்கான்னு போயிரட்டும்."

"ஒன்ன ஏசுவாங்க பெர்சி."

"ஏசட்டும். அது ஒண்ணும் கிழியாது."

செப்டம்பர் 20, சனி

காலையில் மாஸ்டருக்குப் போன் போட்டேன். நீட்டி முழக்காமல் சொன்னேன். இனி இவரை மேடை ஏற விட மாட்டேன், எனக்குப் பிடிக்கவில்லை, இது என் முடிவு, இவரிடம் கேட்கவே வேண்டாம்.

மாஸ்டர் பிடித்துக்கொண்டார். ஊரே மேடை போடக் காத்திருக்கிறது, தோற்காத ஆளைப் பிடித்து வீட்டுக்குள் உட்கார வைக்கிறேன், நான் எல்லாம் படித்த பெண்ணா என்று கேட்டார். கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் குரல் இறங்கிவிட்டது.

"அன்னைக்கு அந்தக் காயத்த நீ அடைக்கலைன்னாகூட எனக்குப் புரிஞ்சிருக்கும்மா. பொம்பள, பயந்துட்டான்னு விட்டுருப்பேன். அவ்வளவு அருமையா அடைச்சுட்டு, எந்திரிச்சு நின்னு சத்தமும் போட்டுட்டு, இப்ப வந்து இப்பிடிச் சொல்லுதியே. ஒனக்கே பாவமாத் தெரியலையா?"

"தெரியுது மாஸ்டர்."

"அவன்ட்ட குடு போன."

"அவரு குளிக்காரு."

இவர் எதிரேதான் உட்கார்ந்திருந்தார். ரூத்துக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. சுளை ஒவ்வொன்றிலும் இருக்கிற நாரை எடுத்து எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். போனை வைத்த பிறகு ஒரு சுளையை என் பக்கம் நீட்டினார். வாங்கித் தின்றேன். புளிப்பு.

மத்தியானத்துக்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. நன்றாக ஆடிக்கொண்டிருந்தவரைப் பெண்டாட்டி கெடுத்துவிட்டாள் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். பால்காரர்கூட என் முகத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார். இவர் மட்டும் இன்றைக்குத் தெரு முக்கு வழியாகவே வேலைக்குப் போனார். திரும்பி வந்து இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

வீடியோவைப் போனிலிருந்து எடுத்துவிட்டேன். எடுப்பதற்கு முன் ஒரு தடவை பார்த்தேன். இத்தனை நாளாக நான் கேட்டது கிடைத்துவிட்டது, இவருக்கும் வேண்டியது கிடைத்துவிட்டது. அந்த நாலாவது ரவுண்டில் ஆடினவரை இனி யாரும் பார்க்கப்போவதில்லை. அவரை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. இவரிடம் அதை மட்டும் சொல்லவே கூடாது.